ஒரு கலாசாலை, இரண்டு கோஷ்டிகள்

அமெரிக்க தேசத்தின் நடுவே கான்ஸாஸ் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. கோதுமை விளையும் சமவெளி. அங்கே லாரென்ஸ் என்னும் சிறு நகரத்தில் ஒரு ஸர்வகலாசாலை. அந்த ஊரை நாம் கண்ணால் கண்டதில்லை. இனிக் காண்போம் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆயினும் அந்தக் கலாசாலையின் கூடைப்பந்துக் கோஷ்டி தோற்றுப் போனால் அன்று நமக்குச் சாப்பாடு செல்வதில்லை. கால்பந்துக் கோஷ்டியோ வருஷக் கணக்காகத் தோற்று, நம்மை உபவாஸத்துக்கே பழக்கிவிட்டது.

இந்தப் பைத்தியம் பிடித்த விதத்தைச் சொல்லிவிடுகிறோம். நாம் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதிக்கிறோம். மாலை வேளைகளில் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்குகிறோம். நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் 2013-ல் மேற்படிப்புக்காக லாரென்ஸுக்குப் போனார். போன மறு மாதமே எழுதினார்: "ஸார், நீங்கள் சொல்லிக் கொடுத்த ஆட்டத்தின் வீட்டுக்கே வந்துவிட்டேன்." அன்று முதல் அவர் அனுப்பிய படங்களும் செய்திகளும் நம்மை மெல்ல மெல்ல அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டன.

வீடு என்று அவர் சொன்னது மிகையல்ல. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் 1891 டிஸம்பரில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்ப்ரிங்பீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் பையன்கள் கட்டடத்துக்குள்ளேயே ஆடுவதற்கென்று இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பழக் கூடைகள் இரண்டை மேலே மாட்டி, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். அதே ஸ்ப்ரிங்பீல்டில் படித்துத் தேறிய ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கலாசாலையை நிறுவினார். நம் ஜில்லாக்களில் கூடைப்பந்து பழக்கிய பழைய டிரில் மாஸ்டர்கள் பலர் அங்கே பயின்றவர்களே. ஆகவே நமக்கும் நெய்ஸ்மித்துக்கும் ஏதோ தூரத்து உறவு உண்டு என்று நாம் உரிமை கொண்டாடுவதில் பெரிய தவறு ஒன்றும் இராது.

நெய்ஸ்மித் 1898-ல் கான்ஸாஸுக்கு வந்து சேர்ந்தார். அங்கே கூடைப்பந்துக் கோஷ்டியையும் அவரே நடத்தினார். வேடிக்கை என்னவென்றால், அவர் காலத்தில் கோஷ்டி வென்றது 55, தோற்றது 60. ஆட்டத்தைப் படைத்தவரே அந்தக் கலாசாலையின் பயிற்சி ஆசிரியர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் பெற்ற ஒரே மனிதர்! இந்த ஆட்டத்தை ஆடத்தான் முடியும், யாரும் யாருக்கும் பழக்க முடியாது என்பது அவருடைய எண்ணம் என்று ஒரு கதை வழங்குகிறது. ஆனால் அவரிடம் ஆடிய பாக் ஆலன் என்ற மாணவர், பழக்க முடியும் என்பதையே ஆயுள் முழுவதும் மெய்ப்பித்துக் காட்டினார்.

ஆலன் 1907 முதல் 1909 வரையிலும், மறுபடி 1919 முதல் 1956 வரையிலும் கான்ஸாஸில் ஆசிரியர். 1952-ல் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அவ்வருஷக் கோஷ்டியில் பெரும்பாலும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் டீன் ஸ்மித். இவர் பின்னால் வடகரோலினாவுக்குப் போய் 36 வருஷங்களில் 879 வெற்றிகள் பெற்றார். மைக்கேல் ஜார்டன் அவரிடம் பயின்றவரே. டீன் ஸ்மித்திடம் ஆடிய லாரி பிரவுன் கான்ஸாஸுக்கு வந்து 1988-ல் பட்டம் பெற்றார். லாரி பிரவுனிடம் 1985-86-ல் உதவியாளராக வேலை பழகிய பில் ஸெல்ப் 2003-ல் அதே ஆசனத்தில் அமர்ந்து 2008-லும் 2022-லும் பட்டங்கள் பெற்றார். நெய்ஸ்மித், ஆலன், ஸ்மித், பிரவுன், ஸெல்ப்: சங்கீத வித்வான்கள் தங்கள் சிஷ்ய பரம்பரையைச் சொல்லுவது போல் இதைச் சொல்லிக்கொண்டே போகலாம். 1898-லிருந்து கணக்கெடுத்தால் ஸெல்ப் எட்டாவது ஆசிரியர். நூற்றிருபது வருஷங்களுக்கு மேல் ஆகியும் எட்டே பேர்.

இந்த எண்ணை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இதே கலாசாலையின் மற்றொரு கோஷ்டியைப் பற்றிச் சொல்லப் போகிறோம்.

கால்பந்து என்றதும் நம் ஊர்ப் பந்தை நினைக்க வேண்டாம். அமெரிக்கருடையது முட்டை வடிவமானது. அதைப் பெரும்பாலும் கையால்தான் ஏந்திக்கொண்டு ஓடுகிறார்கள், எறிகிறார்கள். காலுக்கு எப்போதாவதுதான் வேலை. பெயர் வைத்தவரைக் கண்டால் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நாலு முயற்சிக்குள் பத்து கஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு முயற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரியின் கைக்குப் போய்விடும். தாக்குவதற்குப் பதினொரு பேர், தடுப்பதற்கு வேறு பதினொரு பேர், உதைப்பதற்கென்று இன்னும் சிலர்.

கூடைப்பந்தில் களத்தில் நிற்பவர் ஐவர். ஏழடி உயரத்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தால் கோஷ்டியின் தலையெழுத்தே மாறும். கால்பந்து அப்படியல்ல. அது தேர் இழுப்பது போன்றது. பீமனே வந்து தனியாக வடம் பிடித்தாலும் தேர் நகராது. பந்தை எறிபவருக்கு அரண் போல முன்னே நிற்கும் ஐந்து தடியர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஒவ்வொருவரும் 130, 140 கிலோ எடை. பதினெட்டு வயதில் வருகிற பையனை அந்த உருவத்துக்கும் பலத்துக்கும் வளர்க்க இரண்டு மூன்று வருஷங்கள் ஆகும். அவர்கள் பெயர் பத்திரிகையில் வருவதில்லை. அவர்கள் தவறினால் மட்டும் வரும்.

நமது மாணவர் லாரென்ஸுக்குப் போன சமயத்தில் அந்தக் கால்பந்துக் கோஷ்டியின் நிலை பரிதாபத்துக்குரியதாக இருந்தது. எப்போதுமே அப்படி என்று சொல்வதற்கில்லை. 2007-ல் மார்க் மாஞ்சினோ என்ற ஆசிரியரின் கீழ் 12 வெற்றி, ஒரே தோல்வி. புகழ் பெற்ற ஆரஞ்சுக் கோப்பைப் பந்தயத்தில் வர்ஜீனியா டெக்கை 24-21 என்று ஜயித்தார்கள். இரண்டே வருஷத்தில் அவர் விலகினார். பிறகு நடந்ததுதான் கதை. டர்னர் கில்லுக்கு இரண்டு வருஷம்: 5 வெற்றி, 19 தோல்வி. சார்லி வைஸுக்கு இரண்டரை வருஷம்கூட இல்லை: 6 வெற்றி, 22 தோல்வி. டேவிட் பீட்டிக்கு நாலு வருஷம்: 6 வெற்றி, 42 தோல்வி, 2015-ல் பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. லெஸ் மைல்ஸுக்கு இரண்டு: 3 வெற்றி, 18 தோல்வி. 2010 முதல் 2020 வரை 11 பருவங்களில் மொத்தம் 21 வெற்றி, 108 தோல்வி. இடைக்கால ஆசிரியர்களை நீக்கிப் பார்த்தாலே பதினொரு வருஷத்தில் நாலு பேர். அங்கே நூற்றிருபது வருஷத்துக்கு மேல் எட்டு!

தோற்றதால் ஆசிரியரை மாற்றினார்களா, மாற்றியதால் தோற்றார்களா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்நாளில் ஒரு கால்பந்துக் கோஷ்டி 85 பேருக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கலாம். ஆனால் ஒரு வருஷத்தில் புதிதாகச் சேர்ப்பவர் 25 பேருக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருந்தது. புது ஆசிரியர் வந்ததும் பழையவர் சேர்த்த பையன்கள் சிலர் போய்விடுவார்கள், சிலர் அனுப்பப்படுவார்கள். உடனடி வெற்றிக்கு ஆசைப்பட்டு, இரண்டு வருஷப் படிப்புக் கலாசாலைகளிலிருந்து முதிர்ந்த ஆட்டக்காரர்களை வைஸ் ஏராளமாகத் தருவித்தார். அவர்கள் சீக்கிரமே படிப்பு முடிந்து வெளியேறினார்கள். வந்தவர் குறைவு, போனவர் அதிகம். 85 இடங்களில் பல காலியாயின. வருஷத்துக்கு 25 என்ற படியால் அந்தக் குழியை ஓர் இரண்டு வருஷத்தில் மூட முடியவில்லை. விதை நெல்லைத் தின்றுவிட்டு அடுத்த போகத்துக்குக் கையைப் பிசைகிற சம்சாரியின் கதைதான். அதோடு, அனுப்பப்பட்ட ஆசிரியருக்கு ஒப்பந்தப்படி மீதி வருஷங்களுக்கும் சம்பளம் கொடுத்து வந்தார்கள். வேலை செய்யாமலிருப்பதற்குச் சம்பளம் என்பது உபாத்தியாயர் உலகத்தில் நாம் கேள்விப்படாத பாக்கியம்.

மைல்ஸ் 2021 மார்ச்சில் விலகினார். ஏப்ரல் கடைசி நாளில் லான்ஸ் லைபோல்ட் என்பவரை நியமித்தார்கள். இவர் பெரிய பெயர் பெற்றவரல்லர். விஸ்கான்ஸின் மாகாணத்தில் வைட்வாட்டர் என்னும் சிறு கலாசாலையில் எட்டு வருஷம் இருந்தவர். விளையாட்டுக்காக உபகாரச் சம்பளமே கொடுக்காத வகுப்பைச் சேர்ந்த கலாசாலை அது. அங்கே 109 வெற்றி, 6 தோல்வி. ஆறு தேசியப் பட்டங்கள். பிறகு பஃபலோவில் ஆறு வருஷம். தம்மோடு வெகு காலம் வேலை செய்த உதவி ஆசிரியர்களை அப்படியே அழைத்துக்கொண்டு வந்தார். பஃபலோவிலிருந்து சில ஆட்டக்காரர்களும் பின்தொடர்ந்தார்கள். கான்ஸாஸின் பழைய பையன்களை அவர் விரட்டவில்லை. இருப்பவர்களை வைத்துக்கொண்டு பாடத்தை அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்.

முதல் வருஷம் 2 வெற்றி, 10 தோல்விதான். ஆனால் அந்த இரண்டில் ஒன்று நமக்கு ஆயுளுக்கும் போதும். 2021 நவம்பர் 13. நம் ஊரில் அது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. டெக்ஸாஸ் கோஷ்டியை அவர்கள் ஊரிலேயே எதிர்க்கிறார்கள். அதற்கு முன் எட்டு ஆட்டம் தோற்றவர்கள். தங்கள் வட்டாரப் போட்டியில் வெளியூர் வெற்றி என்பதை 2008-க்குப் பிறகு அறியாதவர்கள். பாதி ஆட்டத்தில் 35-14 என்று கான்ஸாஸ் முன்னால் நின்றது. நாம் கைபேசியைத் தட்டிப் பார்த்தோம், ஏதேனும் கோளாறோ என்று. பின்னர் டெக்ஸாஸ் துரத்திப் பிடித்து 49-49. கூடுதல் நேரத்தில் அவர்கள் 56, இவர்கள் 55. இன்னும் ஒரு புள்ளியை உதைத்துச் சமன் செய்யலாம். அது அநேகமாக நிச்சயம். அல்லது இரண்டு புள்ளிக்குத் துணிந்து ஒரே முயற்சியில் ஆட்டத்தை முடிக்கலாம், தவறினால் தோல்வி. லைபோல்ட் துணிந்தார். ஜாலன் டேனியல்ஸ் என்ற இளைஞர் பிடிபட்டுக் கீழே சாயுமுன் பந்தை வீசினார். அதைப் பிடித்தவர் ஜாரட் கேஸி. உபகாரச் சம்பளம் இல்லாமல், தாமாக வந்து கோஷ்டியில் சேர்ந்திருந்த பையன். கான்ஸாஸ் மாகாணத்துச் சிற்றூர்க்காரர். அன்று வரை அவர் பெயரை நாம் கேட்டதில்லை. 57-56!

நாம் போட்ட கூச்சலைக் கேட்டு நம் இல்லத்தரசியார் அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னோம். "காப்பி ஆறிப்போய் ஒரு மணி ஆயிற்று" என்றார்.

அடுத்த வருஷம் 2022-ல் முதல் ஐந்து ஆட்டங்களிலும் ஜயம். பதினாலு வருஷங்களுக்குப் பிறகு பருவ முடிவுக் கோப்பைப் பந்தயம் ஒன்றுக்கு அழைப்பு. 2023-ல் 9 வெற்றி, 4 தோல்வி. 1997-க்குப் பிறகு முதல் தடவையாக ஓக்லஹோமாவை வென்றார்கள். அதற்குப் பின் 2024-லும் 2025-லும் 5 வெற்றி, 7 தோல்வி என்று மறுபடி இறங்கிற்று. இங்கேதான் பழைய பழக்கம் தலைகாட்டுமோ என்று நமக்குப் பயம். பன்னிரண்டு வருஷ நோய் இரண்டு வருஷப் பத்தியத்தில் தீராது என்பது நம் அபிப்பிராயம். லாரென்ஸில் அதை யார் கேட்கப் போகிறார்கள்?

கூடைப்பந்துப் பக்கம் எல்லாம் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே வேறு நோய். 2013-14-ல் ஆண்ட்ரூ விக்கின்ஸ், ஜோயல் எம்பீட் என்று இரண்டு பேர் வந்தார்கள். காமெரூன் தேசத்தவரான எம்பீட் பதினைந்து பதினாறு வயதில்தான் பந்தையே தொட்டவர், அபார மேதை. இருவரும் ஒரே வருஷம் இருந்துவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய், முதல் இடத்திலும் மூன்றாம் இடத்திலும் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். அந்த வருஷம் கான்ஸாஸ் தேசியப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்திலேயே ஸ்டான்போர்டிடம் தோற்றது. எம்பீட் காயத்தால் ஆடவில்லை என்பதும் உண்மை. வேறொரு சமயம், ஆட்டக்காரரைச் சேர்ப்பதில் நடந்த முறைகேடு என்று விசாரணை எழுந்து, 2017-18 பருவத்தின் 15 வெற்றிகள் 2023-ல் ஏட்டிலிருந்து அடிக்கப்பட்டன. அபிமானி என்பதற்காக இதை மறைப்பது நம் வழக்கமல்ல.

இதற்கு மாறாக ஓச்சாய் அக்பாஜியைப் பாருங்கள். 2018-ல் வந்தபோது முதல் வருஷம் ஆடாமலே பழகிக்கொண்டிருப்பதாக ஏற்பாடு. ஒருவருக்குக் காயம் பட்டதால் ஜனவரியில் களத்தில் இறக்கினார்கள். ஆட்டத்துக்குச் சராசரி 8.5 புள்ளி. மறு வருஷம் 10. அதற்கடுத்து 14.1. நாலாம் வருஷம் 18.8. படிக்கட்டு ஏறுவது போல ஒரு பையன் வளர்ந்ததை நாம் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலாம் வருஷம்தான் 2022.

அவ்வருஷ இறுதிப் பந்தயம் வடகரோலினாவுடன். நமக்கு அது செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடம் உண்டு. பாதி ஆட்டத்தில் 40-25 என்று கான்ஸாஸ் பின்தங்கி நின்றது. விதியே என்று கைபேசியை மூடிவிட்டுக் குளிக்கப் போனோம். திரும்பி வந்தால் எண்கள் வேறாக இருந்தன. பூஜை அறையில் வைத்த விபூதி நெற்றியில் பாதி, கையில் பாதி. இறுதியில் 72-69. தேசிய இறுதிப் பந்தயத்தில் அத்தனை பின்தங்கிய கோஷ்டி ஜயித்தது அதுவே முதல் தடவை. நாலு வருஷம் ஒன்றாகப் பழகிய அக்பாஜியும் மக்கார்மாக்கும் முதுகெலும்பு. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அரிஸோனா ஸ்டேட் கலாசாலையிலிருந்து அந்த ஒரு வருஷத்துக்கென்று வந்த ரெமி மார்ட்டின் அன்று போட்ட 14 புள்ளிகள் இல்லாவிட்டால் கதை வேறு. வந்தவர் உதவ மாட்டார் என்று நாம் சொல்லவில்லை. வீடு இருந்தால்தான் விருந்தாளி.

இப்போது விதிகள் தலைகீழாகிவிட்டன. முன்பு கலாசாலை மாறுகிற ஆட்டக்காரர் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும். 2021-ல் ஒரு முறை தாராளமாக மாறலாம் என்றார்கள். 2024-ல் எத்தனை முறையும் மாறலாம் என்று ஆயிற்று. 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கலாசாலையே நேராகப் பணம் கொடுக்கலாம். முதல் வருஷ உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடி 5 லக்ஷம் டாலர், எல்லாக் கோஷ்டிகளுக்கும் சேர்த்து. பெரும் பகுதி கால்பந்துக்கே போகிறது. கான்ஸாஸின் பழைய மாணவரான டேவிட் பூத் என்ற தனவந்தர், 2010-ல் நெய்ஸ்மித்தின் அந்த 13 விதிக் காகிதங்களை 43 லக்ஷம் டாலருக்கு ஏலத்தில் எடுத்துக் கலாசாலையில் வைக்கச் செய்தவர், 2025-ல் விளையாட்டுக்கென்று 30 கோடி டாலர் அளிப்பதாக அறிவித்தார்.

ஆட்டக்காரருக்குப் பணம் கொடுப்பது தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். ஆசிரியர் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்க, முட்டி பெயர்கிறவனுக்குச் சாப்பாடும் படிப்பும் மட்டும் என்றிருந்ததே, அதுதான் அநியாயம். பிடிக்காத இடத்திலிருந்து ஒருவன் போவதற்கும் உரிமை வேண்டும், ஆசிரியர் போகவில்லையா? ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. 2023-24, 2024-25 இரண்டு பருவங்களிலும் பத்திரிகைக்காரர்கள் தொடக்கத்திலேயே கான்ஸாஸுக்கு முதலிடம் கொடுத்தார்கள். மிச்சிகனிலிருந்து ஹன்டர் டிக்கின்ஸன் என்ற பெரிய ஆட்டக்காரர் வந்திருந்தார். வேறு பலரும் வந்தார்கள். முதல் வருஷம் தேசியப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் தோல்வி; மறு வருஷம் முதல் ஆட்டத்திலேயே. தனித்தனியே ஒவ்வொருவரும் வல்லவரே. ஆனால் ஒருவர் எங்கே திரும்புவார் என்று மற்றவருக்குத் தெரியவில்லை. அது கூடிப் பழகிய நாட்களைப் பொறுத்தது. அந்த நாட்களைக் கடையில் கேட்டால் கிடைக்காது.

இவ்வளவு தூரத்து விஷயம் நமக்கு ஏன் இப்படி மனத்தில் தைக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நம் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இருந்தான். ஆறாம் வகுப்பில் வந்தவன். வலது கையால் மட்டுமே பந்தைத் தட்டுவான். இடது கையால் தட்டச் சொல்லி இரண்டு வருஷம் மன்றாடினோம். வலது கையைத் துண்டால் கட்டிவிட்டுக்கூடப் பழக்கினோம். ஒன்பதாம் வகுப்பில் கை படிந்தது. பத்தாம் வகுப்பில் பக்கத்து நகரத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று சம்பளமில்லாமல் சேர்த்துக்கொள்வதாகவும், விடுதியும் பூட்ஸும் தருவதாகவும் அழைத்தது. தகப்பனார் நெசவுக்காரர், நம்மிடம் வந்து யோசனை கேட்டார். அனுப்புங்கள் என்று சொன்னோம். சொல்லிவிட்டு வெறும் மைதானத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம்.

சென்ற வருஷம் ஜில்லாப் போட்டியில் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தோடு நம் பையன்கள் ஆட நேர்ந்தது. பதினொரு புள்ளியில் தோற்றோம். அவன் ஒருவனே பதினெட்டுப் புள்ளி போட்டான். ஆட்டம் முடிந்து நாம் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"ஸார், இடது கை எப்படி இருந்தது?" என்று கேட்டான்.

"மூன்றாவது கால்பாகத்தில் இரண்டு தடவை பந்து நழுவிற்று" என்றோம். "நாளைக்கு அரையிறுதி. முன்னதாக வந்து கொஞ்சம் தட்டிப் பார்."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மைதானத்துக்குப் போனபோது அவன் முன்பே வந்திருந்தான். நம் பையன்களில் இரண்டு பேரும் அவனோடு தட்டிக்கொண்டிருந்தார்கள்.